பெண் பூ விரிந்த காலை

இலையைத் தூக்கிப் பார்த்தால், விரிந்திருக்கிறது. பரஞ்சோதி சட்டென்று இலையை விட்டுவிட்டான், குளியலறைக் கதவைத் தெரியாமல் தள்ளிவிட்டவன் மாதிரி. பிறகு மூச்சை ஒருமுறை இழுத்து விட்டு, விரல் நுனியால் மறுபடி தூக்கினான். விரிந்துதான் இருக்கிறது. நேற்று ராத்திரி செல்போன் வெளிச்சத்தில் பார்த்தபோது பச்சை நரம்பு ஓடித் திருகிக் கிடந்த மொட்டு, இன்னும் ரெண்டு நாளாவது ஆகும் என்று அவன் மனசுக்குள் போட்டு வைத்திருந்த மொட்டு, இப்போது உள்ளங்கை அகலத்துக்கு வாயைத் திறந்துகொண்டு, இருட்டுக்குள் கொண்டுபோய் வைத்தாலும் எரியும் போலிருக்கிற மஞ்சளில் நிற்கிறது. அதற்குக் கீழே, காம்பும் பூவும் சேருகிற இடத்தில், நெல்லிக்காய் அளவில் ஒரு பூசணிக்காய். முழுப் பூசணிக்காய். வரி விழுந்து, குண்டாக, பச்சைப்பிள்ளையின் தோளில் இருக்கிற மாதிரிப் பூனை முடியோடு. இன்னும் பிடிக்கவே இல்லை, அதற்குள் காயின் உருவம் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆண் பூவின் தூள் அதன்மேல் பட்டால் காயாகும். படாவிட்டால் நாலைந்து நாளில் மஞ்சளாகச் சுருங்கி, தொட்டால் உதிரும். வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும். மூடினால் மறுபடி திறக்காது, ஒரே ஒரு காலைதான் அதற்கு ஆயுசு. ஆண் பூ எங்கே? பரஞ்சோதி கொடியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கண்ணால் தடவிக்கொண்டே போனான். வேண்டாம், தேட வேண்டாம், தெரியும், எல்லாம் பஜ்ஜியாகிப் போனது.

பஜ்ஜியை நினைத்தால் இப்போதும் நாக்கில் ஒரு சந்தோஷம் வருகிறது, அதுதான் கொடுமை. நேற்று சாயங்காலம் மெடிக்கல் ஷாப்பிலிருந்து அலுத்து வந்த இந்திராணி, அவன் தட்டில் வைத்துக் கொடுத்ததைப் பார்க்காமலே எடுத்துக் கடித்துவிட்டு, மென்றதை நிறுத்தி, "என்னங்க இது?" என்றாள். "பூசணி மொட்டு." "நம்ம மாடியிலயா?" நம்ம மாடி. அந்த வார்த்தை. இத்தனை நாளும் அது 'உங்க தோட்டம்', 'உங்க குப்பை', 'உங்க கோழி'. கல்யாணமான இந்த ஒன்பது வருசத்தில் அவளை அசத்த வேண்டும் என்று அவன் பேசிப் பார்த்ததில்லை, பேச்சு அவனுக்கு வராது, பாலிடெக்னிக் லேபில் பையன்கள் கேட்கிற சாமானை எடுத்துக் கொடுக்கும்போதுகூடத் தலையை ஆட்டுவதோடு சரி. அவள் ரெண்டாவதை எடுத்தாள், மூன்றாவதை எடுத்தாள், விரலை நக்கிக்கொண்டு, "இன்னும் ரெண்டு இருக்கா?" என்றாள். அவ்வளவுதான், இவன் படியேறி ஓடினான். செல்போனை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொரு மொட்டாகக் கிள்ளினான், நீளக் காம்போடு நிமிர்ந்து நின்ற எல்லா ஆண் மொட்டையும், நாளை விரியவேண்டியது, நாளை மறுநாள் விரியவேண்டியது, எல்லாம். இலைக்கடியில் இந்தப் பெண் மொட்டைப் பார்த்தானே, பார்த்து, பத்திரமாக இருக்கட்டும் என்று இலையை இழுத்து மூடிவிட்டு, அதற்குத் துணையாக வேண்டியதையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு இறங்கினானே. எண்ணெய்ச் சட்டியில் அவை சொய்ங் என்றபோது எவ்வளவு பெருமை. மாடியில் காய்கறி வளர்க்கிறவனைத் தவிர வேறெவன் இப்படிச் செய்வான்? வாங்கித் தின்கிறவனுக்கு இந்தப் புத்திகெட்ட தப்பைச் செய்ய வாய்ப்பே கிடையாது.

பத்து மணிக்கு ஆள் வரும். அதை நினைக்காமலே இருந்துவிடலாம் என்று பார்த்தால் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் போட்ட வட்டங்கள் கண்ணில் குத்துகின்றன. போன ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் பட்டறைக்காரர் வந்து, இங்கே ஒரு பைப், இங்கே ஒரு பைப் என்று போட்டுவிட்டுப் போனது. தகரக் கொட்டகை போட்டுக் காலேஜ் பையன்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று இந்திராணி சொல்ல ஆரம்பித்து ஒரு வருசம் ஆகிறது, அவள் சொல்வதில் நியாயமில்லை என்று இவனும் சொன்னதில்லை. "ஒரே ஒரு காய் காட்டுங்க. நான் வாயே தொறக்கல. சும்மா கொடிக்கும் இலைக்கும் தண்ணி ஊத்தி ஊத்தி நமக்கு என்னத்த கெடச்சுச்சு?" என்று அவள் கடைசியாகச் சொன்னபோது இவன் தலையை ஆட்டினான். ஏற்கனவே ரெண்டு பெண் பூ வந்து, வண்டு ஒன்றும் வராமல், உதிர்ந்திருந்தன. ஒரு வட்டம் சரியாகப் பூசணி வைத்த டிரம்மைச் சுற்றி விழுந்திருக்கிறது, டிரம்மை நகர்த்தக்கூட முடியாதபோது பட்டறைக்காரர் அதைச் சுற்றியே சாவகாசமாக வரைந்தார். இங்கேதான் ஒரு கால் நிற்கும்.

எப்படி ஆரம்பித்தது இதெல்லாம்? ஒரு பெயிண்ட் வாளியில் கறிவேப்பிலைக் கன்று. அது பட்டுப்போகாமல் இருந்ததே ஆச்சரியம் என்று அடுத்த வாளி, அதற்கு மண் பத்தாமல் வீட்டுக் காய்த்தோலையும் டீத்தூளையும் ஒரு பானையில் போட்டு மூடி வைத்தான். ஒரு நாள் கிளறிவிடக் கையை விட்டால் உள்ளே சுடுகிறது. அடுப்பில்லை, வெயில் படவில்லை, வெறும் வெண்டைக்காய்க் காம்பும் முட்டைத்தோடும், காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி மாதிரிச் சுடுகிறது. கையை எடுக்க மனசு வராமல் மணிக்கட்டு வரைக்கும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இந்திராணி வந்து பார்த்துவிட்டு, "குப்பைக்குக் காய்ச்சல் பாக்குறீங்களா டாக்டரு? மாத்திரை எடுத்தாரட்டுமா?" என்று சிரித்தாள். பிறகு துணி துவைக்கிற மிஷின் தண்ணீரை ஜல்லியிலும் கல்வாழையிலும் விட்டு வடித்தது, பழைய துணிக்கொடிக் கம்பியைக் கொடிக்கு விட்டது, ஆள் ஒருவர் சைக்கிள் கூடையில் கொண்டுவந்த கோழிக்குஞ்சு. முதல் முட்டை. கூட்டுக்குள்ளிருந்து எடுத்தபோது அதற்கு இருந்த சூடும், ஓட்டின் மேல் காய்ந்தும் காயாமலும் இருந்த அந்த ஈரமும். எடுத்துக் கண் இமையின் மேல் வைத்துக்கொண்டான். இத்தனை காலம் கடையில் வாங்கின முட்டை ஒன்றுகூட ஒரு உடம்புக்குள்ளிருந்து வந்தது என்று அவனுக்கு உறைத்ததே இல்லை. மதுரையில், முன்னால் ஷேர் ஆட்டோவும் பின்னால் சாக்கடையும் ஓடுகிற ஒரு வீட்டு மாடியில், எவனும் சொல்லிக்கொடுக்காமல் எல்லாம் அதது வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது, இவன் வெறுமனே பக்கத்தில் நிற்கிறான், லேபில் நிற்கிற மாதிரியே.

ஆனால் ஆண் பூ இருக்கிறது. அதை நினைக்காமல் இருக்கத்தான் இவ்வளவும் நினைத்துக்கொண்டிருக்கிறான். ரெண்டு வீட்டுக்கும் நடுவே சந்துக்கு மேல் ஓடுகிற துணிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு கொடி பக்கத்து வீட்டு மாடிக்குப் போய் ரெண்டு மாதம் ஆகிறது. அங்கே, கறுப்புத் தண்ணீர்த்தொட்டிக்கு ஓரமாக, ரெண்டு ஆண் பூ, நன்றாக விரிந்து, இங்கிருந்தே தெரிகிறது. சவரிமுத்து அண்ணன் வீட்டு மாடி. ரெண்டு வீடும் பேசிக்கொள்ளாமல் ஆறு மாதம் ஆகிறது. குஞ்சு விற்றவன் நாலும் பெட்டை என்று சத்தியம் பண்ணித்தான் கொடுத்தான், அதில் ஒன்று வளர்ந்து, கழுத்தை நீட்டி, ஒரு நாள் விடிகாலையில் கூவிவிட்டது. சவரி அண்ணன் சென்னைக்குப் போகிற ராத்திரி பஸ் ஓட்டுகிறவர். ஒரு ராத்திரி போவார், மறு ராத்திரி வருவார், வந்த காலையில்தான் படுக்கை. அவர் தலையைச் சாய்க்கிற நேரமும் சேவலுக்கு உற்சாகம் பிறக்கிற நேரமும் ஒன்றாக இருந்தது. பனியனோடு மாடிக்கு வந்து நின்று, கண் ரெண்டும் மிளகாய்ப்பழமாக, "தம்பி, ராத்திரி நாப்பது உசுரத் தூக்கிட்டுப் போறேன். உங்க சேவல் என்னத் தூங்க விட மாட்டேங்குது. ஒரு நொடி கண்ணு செருகுச்சுன்னு வைங்க, நாளைக்குப் பேப்பர்ல யாரு பேரு வரும்? உங்க சேவல் பேரா?" என்றார். இந்திராணிக்கு அன்றைக்கு என்ன கோபமோ, "சேவல் கூவாம பின்ன சினிமாப் பாட்டா பாடும்?" என்றுவிட்டாள். இவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ரெண்டு நாள் கழித்துச் சேவலைக் கட்டைப்பையில் போட்டு, லேப் வாட்ச்மேனின் தம்பி வேலை பார்க்கிற செங்கல் சூளையில் விட்டுவிட ஸ்கூட்டரில் போனான். காளவாசல் சிக்னலில் வண்டி நிற்கவும் அது பைக்குள்ளிருந்து கூவ, போக்குவரத்துப் போலீஸ்காரர் குனிந்து பார்த்து, "யாருங்க பையில, மச்சானா?" என்று கேட்க, நின்ற வண்டியெல்லாம் சிரித்தது. சேவல் போய்விட்டது என்று சவரி அண்ணனிடம் போய்ச் சொல்லவும் இல்லை. சத்தம் நின்றதை வைத்து அவரே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டான். அவரும் வந்து கேட்கவில்லை. அவர் சம்சாரம் ரெஜினா அக்கா, கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு சேர்த்துப் பாதிப் பூசணிக்காயையும் கொடுத்து அனுப்பின ரெஜினா அக்கா, இப்போது எதிரே வந்தால் குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு போகிறாள். அந்தப் பாதிக் காயின் விதைதான் இந்தக் கொடி.

இதை நினைக்கிறபோது முதுகில் லேசாகச் சிலிர்த்தது. கொடியை அந்தப் பக்கம் போகவிடாமல் அவன் திருப்பித் திருப்பி விட்டான், வேறு சண்டை வேண்டாமே என்று. நுனியைப் பிடித்து இந்தப் பக்கக் குச்சியில் சாய்த்துவிட்டுப் போவான், காலையில் வந்து பார்த்தால் அது தலையைத் திருப்பிக் கம்பியில் வைத்திருக்கும். கண் இல்லை, காது இல்லை. பற்றுக்கம்பியை மட்டும் நீட்டி, ராத்திரி முழுக்கக் காற்றில் துழாவி, கம்பி பட்டதும் சுற்றிக்கொள்கிறது. அந்தச் சுருளை ஒருநாள் லேபிலிருந்து கொண்டுவந்த லென்ஸில் பார்த்தான். பாதி தூரம் வலப்பக்கம் சுற்றி, நடுவே கொஞ்சம் நேராக விட்டு, மீதியை இடப்பக்கம் சுற்றியிருந்தது. காற்று இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், அறுந்து போகாது. ஸ்பிரிங் செய்கிற மிஷினைப் பற்றிப் பையன்களுக்கு ஒரு முழு பாடம் இருக்கிறது. இது பாடம் படிக்கவில்லை. தன் விதை எந்த வீட்டுக் காயிலிருந்து வந்தது என்று இதற்குத் தெரிந்திருக்குமா? தெரியாது. தெரியாமலேதான் போனது. அப்படி நினைத்துக்கொள்ளத்தான் பயமில்லாமல் இருக்கிறது.

தொரட்டிக் குச்சி எட்டவில்லை. கொடியையே இந்தப் பக்கம் இழுக்கலாம் என்றால் சுருள் ஒவ்வொன்றும் பிய்யும். கதவைத் தட்டிக் கேட்கலாம் என்றால் ரெஜினா அக்காவும் பிள்ளையும் காலைப் பூசைக்குப் போய்விட்டார்கள், கேட் சத்தம் கேட்டது. அதற்கு முன்னால் பைக் வந்து நின்ற சத்தம், வாளித் தண்ணீர்ச் சத்தம், ஃபேன், அப்புறம் குறட்டை. வீட்டில் இருப்பது தூங்குகிற ஒரே ஒரு ஆள், எந்தத் தூக்கத்தைக் கெடுத்து ஆறு மாதம் பேச்சற்றுப் போனதோ அதே தூக்கம். ஒரு பூவுக்காக அவரை எழுப்புவதா? ராத்திரி அந்த வண்டியில் யார் யாரோ ஏறுவார்கள். முந்தானையால் பிள்ளையைப் போர்த்திக்கொண்டு ஒருத்தி, இன்டர்வியூவுக்குப் போகிற பையன் ஒருவன், ஆபரேஷன் முடிந்து திரும்புகிற ஒருவர். விழுப்புரம் தாண்டுகிறபோது எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். இந்த ஒரு காலைத் தூக்கத்தின் மேல்தான் அந்த நாற்பது தூக்கமும் படுத்திருக்கின்றன. அப்படி யோசித்தபோது பக்கத்து வீட்டு மொட்டைமாடியே அவனுக்கு வேறு மாதிரித் தெரிந்தது, ஒரு பெரிய பாத்திரத்தின் மூடிபோல, நிறைய இருக்கிற எதையோ சிந்தாமல் மூடி வைத்திருக்கிற மாதிரி. வேண்டாம் விடு. கொட்டகை வரட்டும். கறிவேப்பிலை இருக்கிறதே, அது போதாதா? திரும்பினான். பூவுக்குள் ஒரு எறும்பு இறங்கி, நடுவில் இருந்த அந்தப் பசபசப்பான மூன்று மடிப்புக்கு மேல் ஏறி, காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தது. கூட்டுக்குள் கோழி ஒன்று, என்ன நிற்கிறாய் என்கிற மாதிரித் தொண்டைக்குள் கேட்டது. வெயில் கைப்பிடிச் சுவரில் இறங்கிவிட்டது. அவன் செருப்பைக் கழற்றினான்.

சுவர் மேல் ஏறி நின்றபோது கீழே சந்து கறுப்பாகத் தெரிந்தது, யாரோ எறிந்த ஒரு பிளாஸ்டிக் குடம் கிடந்தது. ஒரு எட்டுத்தான். பையனாக இருந்தபோது இதைவிட அகலமான வாய்க்காலைத் தாண்டியதில்லையா? தாண்டியதில்லை, அவன் சுற்றிக்கொண்டு பாலத்தில் வருகிறவன். எட்டு வைத்தான். அந்தப் பக்கச் சுவரில் கால் பட்டு, உடம்பு ஆடி, தரையில் குதித்துவிடாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக இறக்கினான். பாதம் தரையில் பட்ட அதே நொடியில் கீழே குறட்டை நின்றது. உலகமே நின்ற மாதிரி இருந்தது. ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால், கையை அகல வைத்துக்கொண்டு, பரஞ்சோதி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். என் காலுக்கு அடியில் ஒரு மனுசன் கண்ணைத் திறந்து உத்தரத்தைப் பார்க்கிறார். இப்போது எழுந்து வருவார். வந்தால் என்ன சொல்வது, அண்ணே, ஆம்பளப் பூ வேணும்ணே என்றா? ஆறு மாதம் கழித்துப் பேசுகிற முதல் பேச்சு அதுவா? கட்டில் கிறீச்சிட்டது. ஒரு இருமல். பிறகு, வெகு தூரத்தில், பஸ் ஒன்று கியர் மாற்றி மேட்டில் ஏறத் தொடங்குகிற மாதிரி, மெல்ல மெல்லக் குறட்டை மறுபடி கிளம்பியது. பரஞ்சோதியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரோ தூங்கிப்போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது அவனுக்கு நினைவில் இல்லை.

தொட்டியை அணுகினபோதுதான் கவனித்தான், தரை ஈரமாக இருந்தது. கொடி ஓடிய வழியெங்கும் தரைச்சூடு படாமல் பழைய சாக்கு விரித்து, நனைத்து வைத்திருந்தது. தொட்டிக்குழாயில் ஒரு குளுக்கோஸ் டியூபை மாட்டி, நுனியைக் கணுவில் விட்டிருந்தது, சொட்டு சொட்டாக. இலையில் ஒன்றுகூடப் பூச்சி அரிக்கவில்லை, வேப்பெண்ணெய் வாசம். யார் இதையெல்லாம்? பூவைப் பறிக்கத்தான் வந்தோம் என்பது மறந்துபோய், கொடி போன வழியே தொட்டியைச் சுற்றிப் பின்பக்கம் போனான். அங்கே அது உட்கார்ந்திருந்தது. ஒரு ஆள் தலை தண்டி. பச்சை வற்றி, ஆரஞ்சு ஏறத் தொடங்கி, மேலே சாம்பல் பூசின மாதிரி மங்கல். அடி அழுகாமல் இருக்க, துணியை முறுக்கிச் சும்மாடு கூட்டி அதன்மேல் தூக்கி வைத்திருந்தது. சும்மாடு கருஞ்சிவப்பு வெல்வெட்டில், ஓரத்தில் தங்கக் குஞ்சம் தொங்க. பஸ்ஸின் முன் கண்ணாடிக்கு மேல் கட்டுகிற திரை. வெயிலுக்கு மறைப்பாகக் காயின் ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்த கூடையிலும் அதே குஞ்சம், பிய்ந்த ஒன்று, கட்டியிருந்தது. விளையாட்டாகக் கட்டினதாகத்தான் இருக்க வேண்டும். பரஞ்சோதி குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். எந்த வண்டு வந்தது, எந்தக் காலையில், எங்கள் பக்கம் வராமல் இங்கே எப்படி வந்தது? ராத்திரியெல்லாம் வண்டியோட்டிவிட்டு, படுப்பதற்கு முன்னால் இந்த மனுசர் மாடிக்கு ஏறி வந்து, டியூபைத் திருகி, சாக்கை நனைத்து. எத்தனை நாளாக? காயின்மேல் கை வைத்தான். ஒரு பக்கம் வெயில் சூடு, மறு பக்கம் ராத்திரிக் குளிர், ரெண்டும் ஒரே காயில். இங்கே இது கனத்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் அங்கே டிரம்மில் நான் தண்ணீர் ஊற்றினேன். நான் ஊற்றினதா இதற்குள் இருப்பது? அவர் சொட்டவிட்டதா? ஒரே ஒரு காய் காட்டுங்க என்றாள் இந்திராணி. காட்டலாம். ஆனால் இது யார் வீட்டுக் காய்? கேள்வி வந்த வேகத்திலேயே, குறட்டைச் சத்தத்துக்கு மேல், அர்த்தமில்லாமல் போயிற்று. ரெண்டில் ஒரு ஆண் பூவை மட்டும் கிள்ளிக்கொண்டான். மற்றது அண்ணனுக்கு.

எப்படித் திரும்பித் தாண்டினான் என்று தெரியாது. இந்தப் பக்கம் இறங்கினபோது இந்திராணி மாடிப்படியின் வாசலில், கொண்டையைச் சுருட்டிக்கொண்டே நின்றிருந்தாள்.

"ஏங்க! அடுத்தவக வீட்டு மாடியில என்ன..."

அவன் உதட்டில் விரலை வைத்தான். அவன் முகத்தில் எதைக் கண்டாளோ, குரலை இறக்கினாள். "பட்டறைக்காரரு போன் பண்ணிட்டாரு. பைப்ப வண்டியில ஏத்துறாராம்."

"இங்க வா." இலையைத் தூக்கினான். ஆண் பூவின் இதழ்களைக் கிழித்துவிட்டு, தூள் அப்பிய நடுத்தண்டை மட்டும் அவளிடம் நீட்டினான். "இத அதுக்குள்ள வச்சுத் தடவு."

"நானா? எனக்கென்னங்க தெரியும்?"

"தெரியவேணாம். மெல்லத் தொடு, போதும்."

அவள் குனிந்தாள். மெடிக்கலில் சொட்டு மருந்தை அளக்கிற அதே விரல். மூன்று மடிப்பிலும் மஞ்சள் ஒட்டியது. எறும்பு விலகிப் போயிற்று. "இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான்."

"இந்தப் பூவையா நேத்து எல்லாத்தையும்..." சொல்ல வந்தவள் நிறுத்தி, நேற்றைய பஜ்ஜி இப்போதுதான் புரிந்தவளாக அவனைப் பார்த்தாள். "பாவி மனுசா, அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீ இன்னும் ரெண்டு கேட்ட."

அவள் சிரிப்பை அடக்கப் புறங்கையால் வாயை மூடினாள். அவன் அவளை ஏற்றிவிட்டான், தங்கள் தொட்டி மேட்டில், ஓரமாகச் சாய்ந்தால் அந்தத் தொட்டியின் பின்பக்கம் தெரிகிற இடத்தில். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். குஞ்சம் காற்றில் ஆடியிருக்க வேண்டும்.

"அது அண்ணன் வண்டித் திரைல்ல?"

"ஆமா."

"ஏங்க ஒரு வார்த்தை சொல்லல அவரு?"

"நாமளும் சொல்லலையே."

இறங்கி வந்தாள். சுண்ணாம்பு வட்டத்தைப் பார்த்தாள், அதற்குள் நிற்கிற டிரம்மை, டிரம்மிலிருந்து கிளம்பி, கம்பியேறி, சந்துக்கு மேலே தாண்டிப் போகிற அந்தக் கட்டைவிரல் தண்டிக் கொடியை. கண் அதன் வழியே போய்ப் போய் மறுபடி டிரம்முக்கே வந்தது.

"வேரு நம்ம வீட்லல்ல இருக்கு," என்றாள்.

இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, சுவர்ப்பக்கம் திரும்பி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினாள். "அண்ணே, பைப்ப ஏத்தாதீக. இல்லண்ணே, வேணாம். என்னது? கேக்கலயா? சத்தமாப் பேச முடியாதுண்ணே, பக்கத்து வீட்ல தூங்குறாக."

கீழே அண்ணனின் குறட்டை பஸ் நிதானமாக மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. பூ மூடத் தொடங்கியிருந்தது.